பின் டயரின் நான்கு எண்கள்

சித்தூர்
8 ஜூன் 2025

அன்புத் தங்கச்சி அகிலாவுக்கு அண்ணன் கமலக்கண்ணன் எழுதுவது. நான் சுகம். நீ, மாப்பிள்ளை சம்பத், பையன் நிதின் எல்லாரும் சுகமா? மாப்பிள்ளை இப்போது கைப்பிடி இல்லாமல் மாடிப்படி ஏறுகிறாரா?

போன் இருக்கும்போது கடுதாசி எழுதுகிறானே என்று சிரிக்காதே. முப்பது வருஷமாக மாங்கூழ் பேக்டரி இயந்திரங்களுக்கு நடுவில் வேலை பார்க்கிற காது என்னுடையது. உன் டயர் கடையிலோ நாள் முழுக்கக் கம்ப்ரசர் கத்துகிறது. போன வாரம் நீ ஒரு "ஆங்?", நான் ஒரு "ஆங்?" என்றே ஐந்து நிமிஷம் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் போட்டால் நிதின் கடைக்கே கேட்கும்படி வாசித்துவிடுவான். இது கொஞ்சம் தனியாகக் கேட்க வேண்டியது.

என் பெரிய பைக் மூன்று வருஷமாகச் சாக்கு மூடிக்கொண்டு ஷெட்டில் நிற்கிறது. வாரத்துக்கு ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணி, உறுமலைக் கேட்டுவிட்டு மூடிவிடுகிறேன். இனிமேல் ஓட்டலாம் என்று ஒரு எண்ணம். முன் டயர், பின் டயர் இரண்டையும் மாற்ற வேண்டும். கெட்டி ரப்பர் போட்டால் ரொம்ப நாள் உழைக்கும் என்கிறார்கள், மெத்து ரப்பர் ரோட்டை நன்றாகப் பிடிக்கும் என்கிறார்கள். எது நல்லது? பக்கவாட்டில் வெள்ளை எழுத்துப் போட்டது வருமா? பின் டயர் எத்தனை கிலோ தாங்கும்? நிதானமாக யோசித்து எழுது.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. தோத்தாபுரி சீசன் ஆரம்பித்துவிட்டது, தலை முதல் கால் வரை மாம்பழ வாசனை.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அண்ணன்

*

திருப்பதி
15 ஜூன் 2025

அண்ணாவுக்கு அகிலாவின் வணக்கம். எல்லாரும் நலம். அவர் மாடி ஏறுகிறார், இறங்கும்போதுதான் முகத்தைச் சுளிக்கிறார். உனக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று எழுதவில்லையே. சீசனில் நீ மாம்பழத்தை ருசி பார்த்துக்கொண்டே இருப்பாய், எனக்குத் தெரியாதா?

ஐம்பத்தாறு வயசில் வெள்ளை எழுத்து கேட்கிறதா உனக்கு? எழுத்தா ரோட்டைப் பிடிக்கிறது? அந்தப் பெரிய எருமைக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு உள்ளங்கை அகல ரப்பர்தான் இருக்கிறது. அதற்கு மெத்து ரப்பர்தான் சரி. சீக்கிரம் தேயும், தேயட்டும். டயர் தேய்ந்தால் மாற்றலாம்.

ஆனால் இரண்டையும் எதற்கு மாற்றுகிறாய்? முன் டயர் வண்டியோடு வந்த கிழம், அதை மாற்று. பின் டயர் 2022 தீபாவளிக்கு நானே புதுசாகப் போட்டது. பதினைந்து நாள்கூட ஓடவில்லை. நின்ற டயர் வெயிலில் இறுகியிருக்குமோ என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதன் பக்கவாட்டில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம் செய்தது என்று சொல்லும். அதை எழுதி அனுப்பு. ஏற்றுகிற எடை எவ்வளவு என்றும் சரியாகச் சொல். உத்தேசமெல்லாம் வேண்டாம்.

இன்னொன்று. ஓட்டுவதற்கு நான் தடை சொல்லவில்லை. ஆனால் காணிப்பாக்கம் பிள்ளையார் சந்நிதியில் எனக்கு என்ன சத்தியம் பண்ணிக் கொடுத்தாய் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். பின்சீட்டில் யாரும் ஏறக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அகிலா

*

சித்தூர்
24 ஜூன் 2025

தங்கச்சிக்கு, நலம், நலமறிய ஆவல். சர்க்கரை நூற்று எழுபது. மாம்பழம் ருசி பார்ப்பது என் வேலை, அதைத் தீனி என்று சொல்லாதே.

சத்தியம் ஞாபகம் இருக்கிறது. மறக்கிற இடமா அது?

சரியான எடை கேட்டாய். எங்கள் பேக்டரி எடைமேடையில் லாரிகளுக்கு நடுவே வண்டியை ஏற்றி நிறுத்தி, நான் மேலே உட்கார்ந்து, முறைப்படி சீட்டே வாங்கிவிட்டேன். இத்துடன் வைத்திருக்கிறேன். லாரிக்காரர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த நான்கு எண்கள் தெரியவில்லை. சேறு அப்பியிருக்கிறது. எப்படியும் இரண்டையும் மாற்றிவிடுவோம், எண் எதற்கு?

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.
அண்ணன்

*

திருப்பதி
30 ஜூன் 2025

அண்ணாவுக்கு, நலம். ஒரு சீட்டு வைத்திருக்கிறேன் என்று எழுதினாய். உறையில் இரண்டு சீட்டு இருந்தது.

முதல் சீட்டில் 320 கிலோ. வண்டி 240, நீ 80. சரி. இரண்டாவது சீட்டில் 380. நான்கு நிமிஷம் கழித்து எடுத்தது. நான்கு நிமிஷத்தில் அறுபது கிலோ ஏற நீ எத்தனை மாம்பழம் சாப்பிட்டாய்?

அவர் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மச்சான் நம்மகிட்ட எதையோ மறைச்சிக்கினு கீறார்" என்றார். அதைச் சொல்ல இவர் எதற்கு? இரண்டு சீட்டிலும் எடை எடுத்தவர் பெயர் ஷோபா என்று அச்சாகியிருக்கிறது. யார் அந்த அறுபது கிலோ? பின்சீட்டில் ஏறியாயிற்றா? அதை மட்டும் உடனே சொல். 

நம் வீட்டில் சேறு கழுவத் தண்ணீர் இல்லையா? எண் எங்கே?

அகிலா

*

சித்தூர்
20 ஜூலை 2025

அன்புத் தங்கச்சிக்கு, இருபது நாளாகப் பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். நான்கு முறை எழுதி நான்கு முறையும் கிழித்தேன்.

முதலில் நீ உடனே சொல்லச் சொன்னதற்குப் பதில். ஏறவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் எடைமேடை மேல் நின்றாள், அவ்வளவுதான். காணிப்பாக்கத்துப் பிள்ளையார் பார்க்கட்டும், வண்டியைத் தொடக்கூட இல்லை.

ஷோபா எங்கள் எடைமேடையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாள். வயசு ஐம்பது. புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. உன் அண்ணி கிருஷ்ணம்மா போன பிறகு நான் மெஸ்ஸில் சாப்பிட்டு இளைத்ததை எடையாகவே சொன்னவள் அவள்தான். ஒரு நாள் லாரி வரவில்லை, பேசிக்கொண்டு இருந்தோம். அப்புறம் லாரி வந்தாலும் பேச்சு நிற்கவில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று போன தையில் கேட்டேன். இந்த வயசில் இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் சந்தோஷமாக இருக்கிறேன் அகிலா. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

சரி என்றாள். ஒரு நிபந்தனையும் வைத்தாள். அவளுக்குப் பஸ், கார் எதுவும் ஆகாது. காட்பாடி தாண்டுவதற்குள் வாந்தி. மலைப்பாதை என்றால் கேட்கவே வேண்டாம். முழங்கால் வலியில் நடந்தும் ஏற முடியாது. சித்தூரில் இருந்துகொண்டே இருபத்திரண்டு வருஷமாகத் திருமலைக்குப் போகவில்லை. பைக் மட்டும் ஒத்துக்கொள்கிறது, முகத்தில் காற்று அடிக்கிறதாம். "மொதல்ல மலை. அப்பறம் தாலி" என்றாள். நானும் தலையை ஆட்டிவிட்டேன். சத்தியத்தைப் பற்றி அப்புறம்தான் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, காத்திருக்கிறேன் என்றாள்.

சத்தியம் வாங்கினவரே அதே சந்நிதிக்கு வந்து 'விட்டேன்' என்று சொன்னால்தான் சத்தியம் விடும் என்பது நம் வீட்டு வழக்கம். நீதான் வாங்கினாய். விடுவாயா?

டயர் எண்ணைப் பார்க்கலாம் என்று போனேன், என் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது.

அண்ணன்

*

திருப்பதி
25 ஜூலை 2025

அண்ணாவுக்கு, உன் கடிதத்தை வாசித்துக் கல்லாவில் உட்கார்ந்தபடியே அழுதேன். சந்தோஷத்தில்தான். டியூப் வாங்க வந்த ஆள் பயந்துபோய்ச் சில்லறைகூட வாங்காமல் போய்விட்டார். கல்யாணத்துக்கு நான் தயார். புடவை என் பொறுப்பு, நகரி நெசவு, நானே போய் எடுத்து வருகிறேன்.

ஆனால் பின்சீட்டைக் கேட்காதே.

அன்று வடமாலபேட்டையில் மழை. புத்தூர் கல்யாணத்துக்கு நீயும் அவரும் வண்டியில் முன்னால் போனீர்கள், நான் பஸ்ஸில் பின்னால் வந்தேன். கூட்டத்தைப் பார்த்துப் பஸ் நின்றது. ஜன்னல் வழியே பார்த்தால், ரோட்டில் மடங்கிக் கிடந்தது என் புருஷன் கால். நாற்பதில்தான் வந்தேன் என்று நீ சொன்னாய். நாற்பதில் வந்த வண்டி அப்படி வழுக்குமா? மூன்று ஆபரேஷன், காலுக்குள் இரும்புக் கம்பி. நீ வேகமாக ஓட்டினாய் என்று இன்னும் நம்புகிறேன், ஒளிக்காமல் சொல்கிறேன். அதனால்தான் உன்னை ஈரத்துணியோடு அந்தச் சந்நிதியில் நிறுத்தினேன். அந்தச் சத்தியத்தில்தான் மூன்று வருஷமாகத் தூங்குகிறேன். இப்போது அதே சீட்டில் இன்னொருத்தி உட்கார்வதா? என்னால் முடியாது அண்ணா.

டயரும் எண் வந்த பிறகுதான். கண்ணாடி உடைந்ததாம். போன மாதம் சேறு, இந்த மாதம் கண்ணாடியா?

மருந்தை விடாமல் சாப்பிடு.
அகிலா

*

சித்தூர்
2 செப்டம்பர் 2025

மரியாதைக்குரிய அகிலா அம்மாவுக்கு, ஷோபா வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். நான் தமிழ்நாட்டு எல்லையோரம் குடுபல்லியில் பிறந்தவள், தமிழ் பேச்சு நன்றாக வரும், எழுத்துதான் கோணல். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எதையும் கேட்க எழுதவில்லை. உங்கள் கடிதத்தை அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். நீங்கள் சொல்வது நியாயம். என் புருஷனுக்கு அப்படி ஆகியிருந்தால் நான் வண்டியையே கொளுத்தியிருப்பேன். அவரும் அதற்குப் பிறகு டயர் பேச்சை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் பண்ணுவதையும் விட்டுவிட்டார். விற்றுவிடலாம் என்கிறார். எனக்கு மலை வேண்டாம், தாலி போதும் என்று சொன்னேன். "குடுத்த வாக்கு குடுத்ததுதான். ரெண்டு பக்கமும் வாக்கு குடுத்துட்டு நடுவுல மாட்டிக்கினேன்" என்று சிரிக்கிறார். ஆனால் நன்றாகச் சாப்பிடுவதில்லை. மூன்று கிலோ குறைந்திருக்கிறார்.

நீங்கள் கேட்ட எண்ணாவது உங்களுக்கு வந்து சேரட்டும் என்று நேற்று ஷெட்டுக்குப் போனேன். எண்ணைச் சரியாக எழுதுவது என் தொழில். பின் டயரில் சேறு இல்லை, வெறும் தூசிதான். ஈரத்துணியால் துடைத்தேன். கட்டத்துக்குள் இருப்பது 3414. இரண்டு தரம் சரிபார்த்தேன்.

நான் எழுதியது அவருக்குத் தெரியாது. தப்பு இருந்தால் மன்னியுங்கள்.

இப்படிக்கு,
ஷோபா

*

திருப்பதி
10 செப்டம்பர் 2025

அண்ணா, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நீ நலம்தானே?

3414. ஷோபா எழுதி அனுப்பினார். அவரைத் திட்டாதே. 2014ஆம் வருஷம் முப்பத்து நான்காவது வாரம். புதுசு, ரோட்டையே பார்க்காதது என்று 2022 தீபாவளிக்கு உனக்கு நான் போட்ட டயருக்கு அன்றைக்கே எட்டு வயசு.

பழைய சிட்டையைப் புரட்டிப் பார்த்தேன். ரேணிகுண்டா ஆள் ஒருவர் ஆர்டர் பண்ணிவிட்டு வாங்க வராத டயர். உன் வண்டி அளவு வருஷத்துக்கு ஒன்று விற்றாலே பெரிது. அதனால் மேல் தட்டில், கம்ப்ரசர் சூட்டில் அத்தனை வருஷம் கிடந்திருக்கிறது. மேலே பட்டன் வெட்டுகள் தேயாமல் பளபளப்பாக இருந்தன, ரப்பர் கல்லாகியிருந்திருக்கிறது. கல் மழையில் வழுக்காமல் என்ன செய்யும்? வெளியாருக்குத் தேதி பார்க்காமல் நான் ஒரு டயரும் கொடுத்ததில்லை. அண்ணனுக்குத்தானே என்று பார்க்காமல் மாட்டினேன்.

நீ நாற்பதில்தான் வந்திருக்கிறாய். என் புருஷன் காலை உடைத்தது நீ இல்லை, நான்.

அவரிடம் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அவர் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "அது எனக்கு அப்பவே தெரியும்" என்றார். விழுந்த மறுநாள் மெக்கானிக் கன்னையா சக்கரத்தைக் கழற்றியதும் எண்ணை உனக்குக் காட்டினானாம், நீ ஆஸ்பத்திரியில் அவரிடம் சொன்னாயாம். "சொன்னா நீ தூங்குவியா? மச்சான்தான் வாணாம்னு சொல்ட்டார்" என்கிறார். மூன்று வருஷமாக நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை மடைச்சியாக்கி வைத்திருக்கிறீர்கள். அந்தச் சந்நிதியில் நான் எல்லார் எதிரிலும் உன்னைக் கத்தினேனே, அப்போதாவது வாயைத் திறந்தாயா? எனக்கு வருகிற கோபத்துக்கு நீ எதிரில் இருந்தால் டயர் லீவரால் ஒன்று போட்டிருப்பேன்.

இரண்டு டயரும் நாளைக்கு வேனில் வருகின்றன. முன்னும் பின்னும் ஒரே ஜாதி, மழைக்கென்றே உள்ள மெத்து ரப்பர். பின்னது மட்டுமே இருநூற்றுத் தொண்ணூறு கிலோ தாங்கும், மீதியை முன்னது சுமக்கும். இந்த வருஷம் இருபதாவது வாரம் செய்தது, நானும் அவரும் நிதினும் மூன்று பேரும் எண்ணைப் பார்த்தோம். பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி சக்கரம் ஓடுகிற திசையில் இருக்க வேண்டும், கன்னையாவிடம் சொல். புது டயரின் மேலே ஒரு வழவழப்பு இருக்கும். முதல் இருநூறு கிலோமீட்டர் தனியாக, நிதானமாக ஓட்டு.

பிரம்மோற்சவக் கூட்டம் ஓயட்டும். காணிப்பாக்கத்துக்கு வருகிறோம்.

அகிலா

*

சித்தூர்
18 செப்டம்பர் 2025

தங்கச்சிக்கு, நலம். டயர் வந்தது, கன்னையா மாட்டிவிட்டான். வெள்ளை எழுத்து இல்லை, இருந்தாலும் அழகாகத்தான் இருக்கிறது. இருநூற்றுப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாய். அப்போது போய், டயர் உன்னுடையது என்று எப்படிச் சொல்வேன்? கடையையே மூடியிருப்பாய். யார் மேலாவது கோபப்பட்டால்தான் நீ எழுந்து நடப்பாய் என்று தெரியும், என் மேல் படட்டும் என்று விட்டேன். அப்புறம் நாள் போகப் போகச் சொல்ல வாய் வரவில்லை. இப்போதும் அழாதே. காணிப்பாக்கத்துக்கு எந்த நாள் என்று மட்டும் எழுது.

அண்ணன்

*

திருப்பதி
6 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணிக்கு அகிலா எழுதுவது. அம்மா என்று எழுதியதெல்லாம் போதும், இனிமேல் நான் உங்களுக்கு அகிலாதான். முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நேற்று நீங்கள் டூட்டியில் இருந்தீர்கள், அண்ணா கூச்சத்தில் பாதியைத்தான் சொல்லியிருப்பார். அதனால் நான் எழுதுகிறேன்.

கோயில் குளத்தில் முங்கி எழுந்து ஈரப் புடவையோடு சந்நிதியில் நின்றேன். அண்ணாவை அன்று எந்த இடத்தில் நிறுத்தினேனோ அதே இடம். என் பக்கத்தில் அண்ணா தலை குனிந்து நின்றார். வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்திருந்தேன். முடியவில்லை. அன்று சத்தமாகத்தானே திட்டினேன்? அதனால் சத்தமாகவே சொன்னேன்: "சாமி, தப்பு எங்க அண்ணன்மேல இல்ல. பழைய டயர மாட்டி வுட்டது நானு. வாங்கின சத்தியத்த வுட்டுட்டேன்." வரிசையில் இருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. அர்ச்சகர் அண்ணா கையில் ஒரு பூ, என் கையில் ஒரு பூ கொடுத்தார். அண்ணா அந்த இடத்திலேயே குழந்தை மாதிரி அழுதுவிட்டார்.

வெளியே வந்ததும் லேசாகத் தூறல். சரி, சத்தியம் விட்டாயிற்று, எல்லாரும் ஆட்டோவில் போவோம் என்றேன். வாய் விட்டாலும் மனசு விடவில்லை அண்ணி, பொய் சொல்ல மாட்டேன். ஈர ரோட்டில் அந்த வண்டி நிற்பதைப் பார்த்ததும் ஆட்டோவுக்குக் கை காட்டப் போனேன்.

உங்களுக்குத் தம்பி முறையாகும் என் வீட்டுக்காரர் சம்பத் என்ன செய்தார் தெரியுமா? கைத்தடியை என்னிடம் நீட்டினார். நிதினிடமிருந்து ஹெல்மெட்டை வாங்கித் தலையில் மாட்டினார். அண்ணாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, கம்பி வைத்த காலை இரண்டு கையாலும் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். அண்ணா அசையவில்லை. "இன்னா மச்சான் பாத்துக்கினு கீற? வுழுந்தவனே ஏறிட்டேன். எடு வண்டிய" என்றார்.

தேர் வீதியை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். மூலையில் திரும்பும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் சீராக வந்துகொண்டே இருந்ததால் திறந்தேன். தூறலில் இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டு வந்தார்கள். மூன்று வருஷத்தில் என் வீட்டுக்காரர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. இறங்கினதும் சீட்டில் இருந்த மழைத்தண்ணீரைத் தன் துண்டால் துடைத்தார். "இத ஷோபாம்மாவுக்கு எழுதிடு" என்றார். எழுதிவிட்டேன்.

புரட்டாசிக் கூட்டம் குறைந்ததும், பதின்மூன்று நாள் கழித்து வருகிற ஞாயிறு மலைக்குப் போங்கள். ஹெல்மெட் உங்களுக்கு ஒன்று அனுப்புகிறேன். வழியில் நம் கடை வாசலில் ஐந்து நிமிஷம் நிறுத்துங்கள். காற்று சரியாக இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, நீங்கள் ஏறுவதற்கு நானே கை கொடுக்கிறேன்.

உங்கள் அகிலா